மிக்காசா இல்லாத வெற்றி அணிவகுப்பு: அட்மிரல் தோகோவின் கதை

1905 அக்டோபர் 23. ஜப்பானின் யோக்கோஹாமா துறைமுகத்துக்கு வெளியே 160-க்கும் மேற்பட்ட கப்பல்கள் வரிசை வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. ஐந்து மாதங்களுக்கு முன் சுஷிமா நீரிணையில் ரஷ்யாவின் பெரும் கடற்படையை அழித்த கப்பல்கள் அவற்றில் இருந்தன. ரஷ்யர்களிடமிருந்து கைப்பற்றிய கப்பல்களும் புதிய ஜப்பானியப் பெயர்களோடு அதே வரிசைகளில் நின்றன. மெய்ஜி பேரரசர் அசாமா என்ற கப்பலில் ஏறி அவற்றின் நடுவே வந்தார்.

நாம் பார்த்துப் பழகிய மெர்டேக்கா அணிவகுப்பில் படையினர் நடந்து செல்வார்கள், தலைவர் மேடையில் இருப்பார். கடலில் இது தலைகீழ். கப்பல்கள் அசையாமல் நிற்கும், பார்வையிட வருபவர்தான் அவற்றுக்கிடையே பயணம் செய்வார். கப்பல் விளிம்பு நெடுக மாலுமிகள் வரிசையாக நிற்க, பீரங்கி மரியாதை முழங்கும். ஆசிய நாடு ஒன்று ஐரோப்பிய வல்லரசு ஒன்றைக் கடலில் தோற்கடித்துவிட்டு நடத்திய விழா அது. அந்த வெற்றிக்குத் தலைமை தாங்கியவர் அட்மிரல் தோகோ ஹெய்ஹாச்சிரோ. அவர் கொடி அன்று ஷிக்கிஷிமா என்ற கப்பலில் பறந்தது.

போர் நடந்த நாளில் அவர் நின்ற கப்பல் ஷிக்கிஷிமா கிடையாது. அது மிக்காசா. அணிவகுப்பு நாளில் மிக்காசா, நாட்டின் தென்மேற்கே சசெபோ துறைமுகத்தில் கடலடியில் கிடந்தது. அதை எந்த ரஷ்யக் குண்டும் மூழ்கடிக்கவில்லை. செப்டம்பர் 10 இரவு, போர் முடிந்து சமாதான ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்ட நிலையில், துறைமுகத்தில் நின்றபோதே அதன் வெடிமருந்து அறை வெடித்தது. 250-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தனர். சுஷிமா போரில் ஜப்பானியத் தரப்பு முழுவதிலும் இறந்தவர்கள் 117 பேர்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தோகோவின் வாழ்க்கை புரியும். வெற்றிக்குப் பிறகு வாய் திறந்து பெருமை பேசாத மனிதர் என்று அவரைச் சொல்வார்கள். பேசாமல் இருக்க அவருக்குக் காரணங்கள் இருந்தன.

எரிந்த ஊரில் பிறந்த பாடம்

1848 ஜனவரி 27-ஆம் தேதி, ஜப்பானின் தெற்குக் கோடியில் உள்ள ககோஷிமாவில், சாமுராய் குடும்பம் ஒன்றில் தோகோ பிறந்தார். அது சட்சுமா சிற்றரசின் தலைநகர். அவர் பிறந்த கஜியா தெரு மிகச் சிறியது. பின்னாளில் புதிய ஜப்பானை உருவாக்கிய சைகோ தகமோரியும் ஓக்குபோ தோஷிமிச்சியும் அதே தெருவில் வளர்ந்தவர்கள்தான்.

1862-இல் யோக்கோஹாமா அருகே சட்சுமா பிரபுவின் ஊர்வலத்துக்கு வழிவிடாத ஓர் ஆங்கிலேய வணிகரை சாமுராய்கள் வெட்டிக் கொன்றனர். பிரிட்டன் நட்ட ஈடு கேட்டது. சட்சுமா மறுத்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் ஏழு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ககோஷிமா விரிகுடாவுக்குள் நுழைந்து சுட்டன. நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. பதினைந்து வயது தோகோ அன்று கரையில் பீரங்கி அணியில் பணியாற்றினார்.

சட்சுமாக்காரர்கள் இந்த அடியிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேடிக்கையானது. தங்கள் ஊரை எரித்தவனிடமே போய்க் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். பிரிட்டனோடு சமாதானம் பேசி, அவர்களிடமே கப்பல் வாங்கினார்கள். சட்சுமா தனக்கென ஒரு கடற்படையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்களில் தோகோவும் ஒருவர். 1868, 1869-ஆம் ஆண்டுகளில் ஷோகுன் ஆட்சியைக் கவிழ்த்த உள்நாட்டுப் போரில், கசுகா என்ற சக்கரக் கப்பலில் இளம் அதிகாரியாகப் போரிட்டார்.

தேநீரில் நனைத்த ரொட்டி

1871-இல் புதிய அரசு அவரைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பியது. ஏழு ஆண்டுகள் அங்கே இருந்தார். தேம்ஸ் ஆற்றில் நின்ற வொர்செஸ்டர் என்ற பயிற்சிக் கப்பலில் சேர்ந்தபோது அவருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. உடன் படித்தவர்களோ சிறுவர்கள். அவர்கள் அவரை ஜானி சைனாமேன் என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். தோகோவுக்குச் சுருக்கென்று பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை கைகலப்பில்தான் அந்தக் கேலி அடங்கியது.

கப்பலில் கொடுத்த சாப்பாடு அவருக்குப் போதவில்லை. ரொட்டியைத் தேநீரில் நனைத்து நனைத்துச் சாப்பிட்டு வயிற்றை நிரப்பிக்கொண்ட பழக்கத்தைப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். நம் தோட்டப்புறங்களில் காலையில் கோப்பித் தண்ணீரில் ரொட்டியை முக்கிச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது.

1875-இல் ஹாம்ப்ஷயர் என்ற பாய்மரக் கப்பலில் சாதாரண மாலுமியாக ஏறினார். எழுபது நாள் எங்கும் நில்லாமல் ஓடி ஆஸ்திரேலியாவின் மெல்பர்னை அடைந்தது அந்தக் கப்பல். உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த பிஸ்கட்டும்தான் உணவு. திரும்பி வந்து கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தபோது ஒரு கண்நோய் அவரைப் பிடித்தது. பார்வையே போய்விடும் என்ற நிலை. லண்டன் மருத்துவர்கள் காப்பாற்றினார்கள். பிறகு ஜப்பானுக்காக லண்டனில் கட்டப்பட்ட ஃபூசோ என்ற இரும்புக் கப்பலின் கட்டுமானத்தை அருகிலிருந்து கவனித்தார்.

போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் அப்போதும் நின்றுகொண்டிருந்தது விக்டரி என்ற பழைய கப்பல். 1805 அக்டோபர் 21-இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரெஞ்சு, ஸ்பானிய கப்பற்படைகளைத் தோற்கடித்துவிட்டு அதே கப்பலில் உயிர் விட்டவர் நெல்சன். ஆங்கிலேயக் கடற்படையில் பயின்ற எவருக்கும் அவர்தான் குலதெய்வம் போல. தோகோவும் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவரே.

அவர் இங்கிலாந்தில் இருந்த 1877-இல், ஊரில் சைகோ தகமோரி அரசுக்கு எதிராகக் கலகம் செய்து தோற்று இறந்தார். ஊரில் இருந்திருந்தால் தோகோ எந்தப் பக்கம் நின்றிருப்பார்? தம்மை வளர்த்துவிட்ட சைகோவின் முடிவை எண்ணி அவர் கடைசிவரை வருந்தினார். 1878-இல் நாடு திரும்பினார்.

சட்டப்புத்தகமும் மூழ்கிய ஆயிரம் பேரும்

அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் பரபரப்பு இல்லாதவை. திருமணம், பதவி உயர்வு, பிறகு கடும் வாதநோய். ஆண்டுக்கணக்கில் அடிக்கடி படுத்த படுக்கையானார். அந்த நாள்களில் அவர் கையில் இருந்தவை அனைத்துலகச் சட்டப் புத்தகங்கள். ஓய்வு கொடுத்து அனுப்பப்படும் அதிகாரிகள் பட்டியலில் ஏறக்குறைய இடம்பெற இருந்த ஒருவர் செய்த வேலை இது. அந்தப் படிப்புதான் பின்னர் அவருக்குக் கைகொடுத்தது.

1894 ஜூலை 25. சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூளும் நேரம். நானிவா என்ற கப்பலின் தளபதியாக இருந்த தோகோ, கொரியாவுக்கு அருகே கௌஷிங் என்ற நீராவிக் கப்பலை மறித்தார். அது பிரிட்டிஷ் நிறுவனத்துக்குச் சொந்தமானது, பிரிட்டிஷ் கொடி பறந்தது, தலைமை மாலுமியும் ஆங்கிலேயர். உள்ளே சுமார் 1,100 சீனச் சிப்பாய்கள். மணிக்கணக்கில் பேச்சு நடந்தது. சரணடையச் சீனர்கள் மறுத்தார்கள். தோகோ சுட்டு மூழ்கடித்தார்.

பிரிட்டனில் கொந்தளிப்பு எழுந்தது. ஆனால் அந்நாட்டுச் சட்ட அறிஞர்களே, நடந்தது போர்ச் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று எழுதியபோது அது அடங்கியது. தோகோ சட்டம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கினார்.

அந்தப் பெயருக்கு ஒரு நிழலும் உண்டு. நானிவாவின் படகுகள் ஐரோப்பியர்களைத்தான் தண்ணீரிலிருந்து தூக்கின. சீனச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மூழ்கினார்கள். மிச்சம் இருந்த சிலரை வேறு நாட்டுக் கப்பல்கள் பின்னர் மீட்டன. அவரைப் புகழ்ந்து எழுதும் நூல்கள் இந்த இடத்தைச் சட்டத்தோடு முடித்துக்கொண்டு வேகமாகக் கடந்து போய்விடும். கடந்து போகக்கூடிய இடமல்ல அது.

சிங்கப்பூர் பார்த்த புகை

1903 இறுதியில் ரஷ்யாவோடு போர் உறுதியானபோது, கடற்படை அமைச்சர் யமமோத்தோ கோன்னோஹியோயே ஒருங்கிணைந்த கப்பற்படைக்குத் தோகோவைத் தளபதியாக்கினார். மைசூரு என்ற ஒதுக்குப்புறத் துறைமுகத்தில் பொறுப்பாக இருந்தவர் அவர். (நம் மைசூருக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ஏன் இவர் என்று பேரரசர் கேட்டதாகவும், இவர் அதிர்ஷ்டக்காரர் என்று அமைச்சர் பதில் சொன்னதாகவும் ஒரு கதை ஜப்பானில் வழங்குகிறது.

முதல் ஆண்டு அதிர்ஷ்டம் அப்படி ஒன்றும் கைகொடுக்கவில்லை. 1904 பிப்ரவரி 8 இரவு, போர்ப் பிரகடனம் வருமுன்பே, தோகோவின் கப்பல்கள் போர்ட் ஆர்தர் துறைமுகத்தில் நின்ற ரஷ்யக் கப்பல்களைத் தாக்கின. பிறகு மாதக்கணக்கில் முற்றுகை. மே 15-ஆம் தேதி ஒரே நாளில் ஹட்சுசே, யஷிமா என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் கண்ணிவெடியில் சிக்கின. ஜப்பானிடம் அப்படிப்பட்ட கப்பல்கள் இருந்ததே ஆறுதான். மூன்றில் ஒரு பங்கு அன்று போனது. தோகோ முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

ரஷ்யா தன் பால்டிக் கடற்படையை உலகின் மறுகோடியிலிருந்து அனுப்பியது. 1904 அக்டோபரில் கிளம்பிய அது, 18,000 கடல் மைல் கடந்து வரவேண்டும். தலைவர் அட்மிரல் ரோஜஸ்ட்வென்ஸ்கி. வழியில் எந்த பிரிட்டிஷ் துறைமுகமும் அதற்கு இடம் தராது. நிலக்கரியை நடுக்கடலில் ஏற்றி, கப்பல் தளம் முழுக்கக் குவித்து வைத்துக்கொண்டு வந்தார்கள்.

1905 ஏப்ரல் 8-ஆம் தேதி அந்தக் கடற்படை சிங்கப்பூரைக் கடந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள், கரும்புகை கக்கிக்கொண்டு, கரையில் நின்றவர்கள் பார்க்கும் தூரத்தில் போயின. ரஷ்யத் தூதர் ஒரு சிறு படகில் போய்ச் செய்தி கொடுத்துவிட்டு வந்தார். மஞ்சூரியாவில் முக்டென் நகரை ரஷ்யத் தரைப்படை இழந்துவிட்டது என்ற செய்தி அது. அந்த மாலுமிகளில் ஆயிரக்கணக்கானோருக்கு அதன்பின் ஏழு வாரம்தான் ஆயுள்.

காத்திருப்பும் திருப்பமும்

கொரியாவின் சின்ஹே விரிகுடாவில் தோகோ காத்திருந்தார். தினமும் துப்பாக்கிப் பயிற்சி, பீரங்கிப் பயிற்சி. ரஷ்யர்கள் விளாடிவாஸ்டாக் போகவேண்டும், அதற்கு மூன்று வழிகள் உண்டு. சுஷிமா நீரிணை மிகக் கிட்டிய வழி. மற்ற இரண்டும் வடக்கே, ஜப்பானைச் சுற்றிக்கொண்டு போகும். மே கடைசி வாரம் வந்துவிட்டது, எதிரியைக் காணோம். வடக்கே நகர்ந்துவிடலாமா என்ற யோசனை முற்றியது. தவறான வாசலில் காவல் நின்றால் போரே கைநழுவிப் போகும்.

அந்த நேரத்தில், ரஷ்யர்களோடு வந்த நிலக்கரிக் கப்பல்கள் ஷாங்காய் துறைமுகம் சேர்ந்துவிட்டன என்று தகவல் வந்தது. கரி ஏற்றும் கப்பல்களைக் கழற்றிவிட்டார்கள் என்றால் நீண்ட வழியில் போகப்போவதில்லை என்று பொருள். தோகோ இருந்த இடத்திலேயே இருந்தார்.

மே 27 அதிகாலை, மூடுபனியில், ஷினானோ மாரு என்ற காவல் கப்பல் விளக்கெரிய வந்த ரஷ்ய மருத்துவமனைக் கப்பலைக் கண்டு, பின்னால் வரும் முழுப்படையையும் கண்டுகொண்டது. ஐந்து மணியளவில் கம்பியில்லாத் தந்தியில் செய்தி பறந்தது. பெரிய கடற்போர் ஒன்றில் வானொலி அலை முடிவைத் தொட்டது அதுவே முதல் முறை எனலாம்.

பிற்பகல் 1.55-க்கு மிக்காசாவில் இசட் என்ற எழுத்துக்குரிய கொடி ஏறியது. பேரரசின் எழுச்சியும் வீழ்ச்சியும் இந்த ஒரு போரில் இருக்கிறது, ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற அளவு உழைக்கவேண்டும் என்பது அதற்கு அன்று கொடுக்கப்பட்ட பொருள். டிரஃபால்கரில் நெல்சன் ஏற்றிய கொடிச் செய்தியின் சாயல் இதில் இருப்பதை யாரும் மறைக்கவில்லை.

பத்து நிமிடம் கழித்துத் தோகோ எடுத்த முடிவு இன்றும் கடற்படைக் கல்லூரிகளில் பேசப்படுகிறது. எதிரி சுமார் எட்டாயிரம் மீட்டர் தூரத்தில் இருக்கும்போது, தம் கப்பல் வரிசையை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே புள்ளியில் திரும்பச் சொன்னார். பேருந்துகள் ஒரே முச்சந்தியில் வரிசையாகத் திரும்புவதை எண்ணிக்கொள்ளுங்கள். அந்த முச்சந்தியைக் குறிவைத்து எதிரி சுட்டுக்கொண்டே இருக்கலாம். திரும்பும் கப்பலோ சரியாகத் திருப்பிச் சுட முடியாது. கால்மணி நேரம் இந்த ஆபத்தைத் தாங்கிவிட்டால் ரஷ்ய வரிசையின் தலைக்குக் குறுக்கே போய்விடலாம் என்பது கணக்கு. மிக்காசா முன்னால் போனது. அந்த நாள் முடிவதற்குள் அதன் மேல் முப்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. தோகோ கவச அறைக்குள் போகாமல் திறந்த மேல்தளத்திலேயே நின்றார்.

கணக்கு பலித்தது. ரஷ்யக் கப்பல்களின் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் படிந்திருந்தன, மாதக்கணக்கில் ஓடிய எந்திரங்கள் களைத்திருந்தன. வேகத்தில் ஜப்பானியரை எட்ட முடியவில்லை. இருட்டுவதற்குள் ரஷ்யாவின் நான்கு முன்னணிப் போர்க்கப்பல்கள் மூழ்கின. போரொடினோ என்ற கப்பலில் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். தப்பியவர் ஒரே ஒருவர். இரவு முழுவதும் டார்பிடோப் படகுகள் வேட்டையாடின.

மறுநாள் காலை அட்மிரல் நெபோகாதோவ் சரண்கொடி ஏற்றினார். தோகோ சுடுவதை நிறுத்தவில்லை. சரணடையும் கப்பல் எந்திரத்தை நிறுத்தவேண்டும் என்பது சட்டம். ரஷ்யக் கப்பல்கள் நின்ற பிறகுதான் பீரங்கிகள் ஓய்ந்தன. நோய்ப்படுக்கையில் படித்த சட்டம் அந்தக் காலையிலும் வேலை செய்தது.

இரண்டு நாளில் ரஷ்யத் தரப்பில் ஏறத்தாழ 5,000 பேர் இறந்தனர், சுமார் 6,000 பேர் சிறைப்பட்டனர். ஜப்பான் இழந்தவை மூன்று டார்பிடோப் படகுகள். தலையில் பலத்த காயத்தோடு பிடிபட்ட ரோஜஸ்ட்வென்ஸ்கி சசெபோ மருத்துவமனையில் கிடந்தார். தோகோ அங்கே போய்ப் படுக்கையருகே நின்று ஆறுதல் சொன்னார். போர் வீரனுக்குத் தோல்வி அவமானமில்லை, கடமையைச் செய்தோமா என்பதே கேள்வி என்ற பொருளில் அவர் பேசியதாகப் பதிவு இருக்கிறது.

இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போன பதினைந்து வயது ஜவஹர்லால் நேரு, டோவரிலிருந்து லண்டனுக்குப் போகும் ரயிலில் இந்தச் செய்தியைப் படித்து மகிழ்ந்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரனைத் தோற்கடிக்க முடியும் என்ற செய்தி அடிமைப்பட்ட நாடுகள் எங்கும் பரவியது.

விழாவும் வெற்றிடமும்

ஜப்பானுக்குள்ளே நிலைமை வேறு. போரில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர் இறந்திருந்தனர். லண்டனிலும் நியூயார்க்கிலும் வாங்கிய கடன் தலைக்கு மேல் நின்றது. செப்டம்பர் 5-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ரஷ்யா நட்ட ஈடாக ஒரு காசும் தரவில்லை என்று தெரிந்ததும் தோக்கியோவில் கலவரம் வெடித்தது. காவல் சாவடிகள் எரிந்தன, உயிர்கள் போயின, இராணுவச் சட்டம் வந்தது. அந்தச் சூட்டில்தான் மிக்காசா வெடித்த செய்தியும் வந்தது. தோகோ அன்று கப்பலில் இல்லை. அவரோடு சுஷிமாவில் நின்று உயிர் தப்பியவர்கள் இருந்தார்கள்.

ஆக, அக்டோபரில் நடந்த அந்தப் பெரிய கடற்படை அணிவகுப்பு வெறும் கொண்டாட்டமாக நடத்தப்படவில்லை. கோபத்தில் இருந்த மக்களுக்கு வெற்றியைக் கண்ணால் காட்டவேண்டிய அவசியம் அரசுக்கு இருந்தது. 22-ஆம் தேதி தோகோ தோக்கியோவுக்குள் ஊர்வலமாகப் போய்ப் பேரரசரிடம் போர் அறிக்கை அளித்தார். தெருவெல்லாம் கூட்டம். மறுநாள் கடலில் அணிவகுப்பு. டிரஃபால்கர் போரின் நூறாவது ஆண்டு நிறைவு அதற்கு இரண்டே நாள் முன்புதான் கடந்திருந்தது. நெல்சனின் விக்டரி போர்ட்ஸ்மத்தில் பத்திரமாக நிற்க, கீழ்த்திசை நெல்சன் என்று உலகம் அழைத்தவரின் கப்பல் சேற்றில் கிடந்தது.

டிசம்பர் 21-இல் ஒருங்கிணைந்த கப்பற்படை கலைக்கப்பட்டது. அன்று தோகோ வாசித்த விடைபெறும் உரையை எழுதிக்கொடுத்தவர் அவருடைய அதிகாரி அக்கியாமா சனேயுக்கி. வென்ற பிறகு தலைக்கவசத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள் என்ற பழைய அறிவுரையோடு அது முடிந்தது. அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதை மொழிபெயர்த்துத் தம் படையினரிடம் வழங்கச் செய்தார். மிக்காசாவை 1906 ஆகஸ்டில்தான் தண்ணீருக்கு மேலே கொண்டுவர முடிந்தது.

பினாங்கில் முடிந்த ஒரு கப்பல்

சுஷிமாவிலிருந்து தப்பிய ரஷ்யக் கப்பல்களில் ஒன்று ஜெம்சுக். மணிலாவுக்கு ஓடித் தப்பிய அது, ஒன்பது ஆண்டு கழித்துப் பினாங்கு துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றது. 1914 அக்டோபர் 28 விடியற்காலை, போலிப் புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு மாறுவேடத்தில் நுழைந்த ஜெர்மன் கப்பல் எம்டன் அதை டார்பிடோ அடித்து மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்ட ரஷ்ய மாலுமிகள் மாண்டனர். கப்பல் தலைவரோ அன்றிரவு கரையில் தங்கியிருந்தார். பினாங்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அந்த மாலுமிகளுக்கு நினைவுச் சின்னம் இன்றும் இருக்கிறது. அதற்கு ஒரு மாதம் முன் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, ஆள் பெரிய எம்டன் என்ற சொல்லைத் தமிழுக்குக் கொடுத்ததும் இதே கப்பல்தான்.

சிலையாக்கப்பட்ட மனிதர்

தோகோவுக்கு அதன்பின் இருபத்தொன்பது ஆண்டு வாழ்க்கை மிச்சமிருந்தது. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் போனார். ஒரு காலத்தில் கேலிப் பெயரோடு படித்த வொர்செஸ்டர் கப்பலுக்கு மதிப்புமிகு விருந்தினராகத் திரும்பிப் போனார். 1914 முதல் இளவரசர் ஹிரோஹித்தோவின் கல்விக்குப் பொறுப்பேற்றார். தோக்கியோவில் எளிய வீட்டில் வாழ்ந்தார், அதிகம் பேசவில்லை.

பேசாத மனிதரின் பெயரில் மற்றவர்கள் பேசத் தொடங்கியதுதான் சிக்கல். 1930-இல் கப்பல்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் லண்டன் ஒப்பந்தம் வந்தபோது, அதை எதிர்த்த அதிகாரிகள் முதியவர் தோகோவை முன்னால் நிறுத்தினார்கள். அவரும் அவர்கள் பக்கமே சாய்ந்தார். சுஷிமா போல ஒரே ஒரு பெரும் போரில் எல்லாம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை ஜப்பானியக் கடற்படைக்கு வேதமாகிப் போனது. ஆண்டுதோறும் மே 27 கடற்படை நாளாகக் கொண்டாடப்பட்டது. கயிற்றை இறுக்கிக் கட்டச் சொன்ன உரையை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

1934 மே 30-ஆம் தேதி தொண்டைப் புற்றுநோயால் தோகோ இறந்தார். வயது 86. அரசு மரியாதையோடு நடந்த இறுதிச் சடங்குக்குப் பல நாடுகள் போர்க்கப்பல்களை அனுப்பின. அமெரிக்காவின் அகஸ்டா கப்பலின் தலைவராக வந்தவர் செஸ்டர் நிமிட்ஸ். 1905-இல் இளம் பயிற்சி அதிகாரியாகத் தோக்கியோவில் ஒரு விருந்தில் தோகோவைத் தம் மேசைக்கு அழைத்து அவரோடு உரையாடியவர்.

ஏழு ஆண்டு கழித்து, 1941 டிசம்பரில், பேர்ல் துறைமுகத்தைத் தாக்கப் போன அக்காகி கப்பலில் அதே இசட் கொடிச் சைகை ஏறியது. அதே நாள்களில் கோத்தாபாருவில் ஜப்பானியப் படை இறங்கியது. டிசம்பர் 10-ஆம் தேதி குவாந்தானுக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பெரிய பிரிட்டிஷ் கப்பல்களை ஜப்பானியக் கடற்படை விமானங்கள் மூழ்கடித்தன. கற்றுக்கொடுத்தவனின் கப்பல்களை மாணவன் முடித்த நாள் அது. அதன்பின் மலாயாவில் நடந்ததை நம் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. பால்மரக் காடுகளிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். திரும்பி வராதவர்களின் பெயர்ப் பட்டியல்கூட முழுதாக இல்லை. 1905-இல் ஆசியாவுக்கே நம்பிக்கை தந்த கொடி, 1942-இல் இந்த மண்ணில் அச்சத்தின் கொடியாகப் பறந்தது. தோகோவை இதற்கெல்லாம் குற்றவாளி ஆக்க முடியாது. அவர் பெயர் இதற்கெல்லாம் பயன்பட்டது என்பதையும் மறுக்க முடியாது.

மிக்காசாவுக்கு மட்டும் இன்னொரு பிறவி கிடைத்தது. 1922-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி உடைக்கப்பட வேண்டிய அது, மற்ற நாடுகளின் இசைவோடு யோக்கோசுக்கா கரையில் கான்கிரீட்டில் பதிக்கப்பட்டு 1926-இல் நினைவுக் கப்பலானது. 1945 தோல்விக்குப் பிறகு அதன் பீரங்கிகளும் கொடிமரங்களும் கழற்றப்பட்டன. மரப்பலகைகள் விறகாகப் போயின. மேல்தளத்தில் நடனக் கூடமும் மீன் காட்சியகமும் வந்தன. அதைப் பார்த்து மனம் பொறுக்காதவர்களில் முக்கியமானவர், பசிபிக் போரில் ஜப்பானியக் கடற்படையை அழித்த அமெரிக்கத் தளபதி. அதே நிமிட்ஸ்தான். கப்பலைச் சீரமைக்கும் நிதிக்குத் தம் எழுத்தில் கிடைத்த பணத்தைக் கொடுத்தார். 1961 மே 27-ஆம் தேதி, சுஷிமா போரின் ஆண்டு நாளில், மிக்காசா மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அன்று முதல் யோக்கோசுக்காவில் அது அசையாமல் நிற்கிறது.